மூன்று மதகுகளுக்கு நான் போட்ட புள்ளி

அன்பு மகனுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது உன்னிடமிருந்து ஒரு படம் போனுக்கு வந்தது. பழுப்பேறிய ஒரு படிவம்; அதன் அடியில் என் கையெழுத்து. பின்னாலேயே நீ அழைத்தாய். "அம்மா, ஆரின்ர கையெழுத்தெண்டு தெரியுதோ?" என்று சிரித்தாய். பழைய பதிவுகளைத் தேடிய இடத்தில் அகப்பட்டதாம். "எங்கட அறிக்கைக்கு உங்கட படிவங்களைத்தான் அடிப்படையா எடுத்திருக்கிறம். கரையோர வீதியில நீங்க புள்ளி போட்ட அந்தத் துண்டுதான் எங்கட பட்டியல்ல முதலாவது. இது என்ர அம்மா போட்ட புள்ளியெண்டு எல்லாருக்கும் சொன்னனான்." நான் "சந்தோசம் மகன்" என்று மட்டும் சொன்னேன். நீ, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். தலையிடி என்றேன். எனக்குத் தலையிடி இருக்கவில்லை.

அரசாங்கங்கள் தங்கள் பெருந்தெருக்களை எவ்வளவு பொறுப்போடு வைத்திருக்கின்றன, அவை நீண்ட காலம் நிலைக்குமா, மண்ணுக்கும் மனிதருக்கும் கேடில்லாமல் இருக்குமா என்று அளந்து வரிசைப்படுத்துவதுதான் உன் வேலை என்று, முன்பு வீட்டுக்கு வந்திருந்த சமயம் எனக்கு விளங்கப்படுத்தினாய். "நிலைபேறான வீதி முகாமைத்துவம்" என்று தமிழில் எழுதிக் காட்டினாய். முப்பது வருடத்துக்குக் கிட்ட வீதி வேலையில் இருந்தவள் நான்; கேட்கப் பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு நீ வெளிநாட்டுக்குப் போகிறாய். பல நாட்டுக்காரர் முன்னால் எங்கள் வீதியை நல்ல உதாரணமாகக் காட்டப் போகிறாய். நீ விமானம் ஏறுவதற்கு முன் இதை நீ வாசித்தாக வேண்டும். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம். மறைக்க வேண்டும் என்று நான் எதையும் இதில் எழுதவில்லை.

அந்தப் படிவத்தை நிரப்பிய காலத்தில் உனக்குப் பதினைந்து வயது. அப்பா கட்டாரில். நீ பேசாலையில் சின்னம்மாவின் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு வடக்கே, பஸ் நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போகும் ஓரிடத்தில், ஒரு சிறு கந்தோரில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திங்கட்கிழமை விடிய முன் போய்விடுவேன். உனக்கு மூச்சிழுப்பு வரும் காலம் அது. ஒருமுறை நான் வந்து இறங்கியபோது சின்னம்மா உன்னை ஆசுப்பத்திரியில் வைத்திருந்தாள், இரண்டு நாளாக. எனக்குப் பயம் காட்டக்கூடாது என்று சொல்லவில்லையாம். நீ முகமூடிக்குள்ளால் மூச்சை இழுத்தபடி, "நீங்க வாறது வெள்ளிக்கிழமைதானே அம்மா, அதான் சொல்லேல்ல" என்றாய். அன்றுதான் இடமாற்றம் கேட்டு எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் எந்த மனநிலையில் இருந்தேன் என்று நீ அறிய வேண்டும், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து வீதியைப் புதிதாகப் போட்டார்கள். நீயும் பார்த்திருக்கிறாய், குண்டும் குழியுமாய்க் கிடந்த பாதை, கறுத்த நாடாவைப் போல ஆனது. நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்த்திப் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் அதை எங்களிடம் ஒப்படைக்கும் முன் கிலோமீற்றருக்கு ஒரு தாளாக நிலைமை மதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும். மேற்பரப்பு, வெடிப்பு, ஓரம், வடிகால், மதகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. ஐந்து என்றால் மிக நன்று. நான் ஒரு குடையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் நடந்தேன். மேற்பரப்புக்கு ஐந்து போட எனக்குக் கூச்சமில்லை. அது உண்மையில் ஐந்துதான்.

இலுப்பைக்கடவைக்குத் தெற்கே ஒரு சின்ன மீள்குடியேற்றம். வீதியின் கிழக்கே வயலும் வீடுகளும், மேற்கே வெட்டைவெளியும் கடலும். மழைக்குக் குளங்கள் நிரம்பினால் தண்ணீர் கிழக்கிலிருந்து வந்து வீதியைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அதற்காக அந்த இடத்தில் வீதிக்குக் கீழே மூன்று மதகுகள். நான் கிழக்குப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். மூன்றின் வாயும் திறந்திருந்தது. மேற்குப் பக்கம் இறங்கினேன். ஒப்பந்தக்காரர் அங்கே தார்ப் பீப்பாவும் இயந்திரங்களும் வைப்பதற்கு நிலத்தை நிரவியிருந்தார். இரண்டு மதகுகளின் வாய் கிறவல் மண்ணுக்குள் புதைந்து போயிருந்தது. ஒன்றில் மட்டும் காற்றுப் போய் வந்தது. குடையை மடக்கி அதன் முனையால் குத்திப் பார்த்தேன். கல்லுப் போல இறுகியிருந்தது. படிவத்தில் மதகு என்ற இடத்தில் பென்சிலால் "இரண்டு" என்று எழுதினேன்.

எங்கள் பெரியவர், அதாவது பொறியியலாளர், கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணி வரவழைத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். தாளை என் பக்கம் திருப்பினார். "மிஸ், இந்த ஒரு தாளுக்காக முழு ஒப்படைப்பும் நிண்டுபோகும். மழைக்கு முதல் அந்த மண்ணை எடுத்துப்போடச் சொல்லிறன். நடக்கப்போற வேலைதானே, நடந்ததெண்டு போட்டாப் பிழையில்ல" என்றார். அவர் மேசையில் இன்னொரு கோப்பைத் தட்டி, "உங்கட இடமாற்றமும் இஞ்சதான் கிடக்கு. மகனுக்குச் சுகமில்லை எண்டு எழுதியிருக்கிறீங்க, என்ன" என்றார். மிரட்டவில்லை. அனுதாபமாகத்தான் கேட்டார். அழிறப்பரும் அவருடைய மேசையிலேயே இருந்தது. நான் இரண்டை அழித்துவிட்டு, பேனையால் ஐந்து என்று எழுதினேன். நீ படம் பிடித்து அனுப்பியது அந்தத் தாளைத்தான். பெரிதாக்கிப் பார்த்தால் அழித்த இடம் இன்னும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.

மண்ணை யாரும் எடுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு பெண் கந்தோருக்கு வந்தாள். என்னை விட நாலைந்து வயது இளையவள். பெயர் திரேசா. அந்தக் குடியேற்றத்தில் இரண்டு ஏக்கர் வயலும் சில ஆடுகளும் வைத்துக்கொண்டு, யுத்தத்தில் செல்லடி பட்டு இடுப்புக்குக் கீழ் வழங்காமல் போன தம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் கையெழுத்து வைத்த மனு ஒன்றை நீட்டினாள். "மிஸ், மூண்டு மதகில ரெண்டு மூடிக் கிடக்கு. போன கிழமை பெஞ்ச சின்ன மழைக்கே என்ர வாசல்ல தண்ணி நிண்டது. பெருமழைக்கு என்ன செய்யிறது? என்ர தம்பிய நான் தனியத் தூக்கேலாது." நான் வாங்கி, திகதி முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினேனா என்றால் அனுப்பினேன். பெரியவருடைய கடிதத் தட்டில் வைத்தேன். அவள் இரண்டாம் முறை வந்தபோது, "அனுப்பியாச்சு" என்றேன். மூன்றாம் முறை வந்தபோது என் போன் இலக்கத்தைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுத்தது இரக்கத்தால் அல்ல. அவள் எழுந்து போக வேண்டும் என்பதற்காக.

நத்தாருக்கு முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். மூன்று நாளாக விடாத மழை. நீயும் சின்னம்மாவின் பிள்ளைகளும் பாலன் குடிலுக்கு வைக்கோல் நனைந்துவிட்டது, வேறு வேண்டும் என்று அழுங்குப்பிடியாய் நின்றீர்கள். நான் குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும், போன் அடித்தது. திரேசா. "மிஸ், தண்ணி கட்டிலுக்கு வந்திட்டுது. தம்பியக் கழட்டின கதவில வச்சுத் தூக்கிப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டம். ஆனா தண்ணி இன்னும் ஏறுது. ரோட்டுக்கு அங்கால தண்ணியே இல்ல மிஸ், இஞ்சால நாங்க நிக்கிறம். ஆரையாவது அனுப்புங்கோ, அந்த மண்ணத் தோண்டினாக் காணும்." நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கந்தோர் பூட்டுத் திரேசா. லீவு முடியத்தான் பாக்கலாம்." "சரி மிஸ்" என்றாள். நான் திரும்பிப் போய் எண்ணெயில் இருந்ததைப் புரட்டினேன். யார் என்று நீ கேட்டாய். கந்தோர் அலுவல் என்றேன்.

அவளும் அயலில் இரண்டு பேரும் அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்து வீதியை வெட்டினார்கள். ஓரத்தில் ஒரு வாய்க்காலளவு வெட்டினதும் மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போய்விட்டது. மத்தியானத்துக்குள் வீடுகளில் தண்ணீர் வடியத் தொடங்கியது. யாழ்ப்பாணம் போக வந்த பஸ் அக்கரையில் நின்றது. பொலிஸ் வந்தபோது மற்ற இருவரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, "நான்தான் வெட்டினது" என்று சொல்லியிருக்கிறாள். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். பிணை கிடைக்கும் வரை இரண்டு கிழமை விளக்கமறியலில் வைத்தார்கள். தம்பியைக் கன்னியாஸ்திரிகள் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

வழக்கில் கந்தோர் சார்பில் சாட்சி சொல்ல என்னை அனுப்பினார்கள். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். திரேசாவின் சட்டத்தரணி ஓர் இளம் பிள்ளை. மதகுகள் மூடியிருந்தபடியால் உயிருக்கு ஆபத்து, அதனால் வேறு வழியில்லை என்று வாதாடினான். அரச தரப்பில் என் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். "இது நீங்கள் தயாரித்ததா?" "ஓம்." "மதகுகளுக்கு ஐந்து புள்ளி போட்டிருக்கிறீர்கள். அதன் பொருள் என்ன?" "மிக நல்ல நிலை." "நீங்கள் நேரில் பார்த்தா போட்டீர்கள்?" "ஓம்." "ஏதாவது அடைப்பு இருந்ததா?" கூட்டுக்குள் நின்ற திரேசாவை நான் பார்க்கவில்லை. நீதவானுக்குப் பின்னால் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லோடு அவளுடைய வழக்கு முடிந்தது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது, தண்டனை என்று சிறைக்குப் போகவில்லைத்தானே, பெரிய பாதகம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசியில் என் இடமாற்றம் வந்தது. நீ சந்தோசத்தில் துள்ளினாய். பின்னேரங்களில் நான் வீட்டில் இருந்தேன், உன் இழுப்புக் குறைந்தது, பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தாய், பொறியியல் படித்தாய். இதெல்லாம் நடந்த நல்ல காரியங்கள். அவற்றை நான் வெறுக்கவில்லை. வெறுக்கத் தெரிந்திருந்தால் சில வேளை இலகுவாக இருந்திருக்கும்.

வெட்டிய இடத்தை நிரப்பி மறுபடியும் கறுப்பாக்கினார்கள். அந்த மண் மட்டும் அங்கேயே கிடந்தது. பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் என் ஐந்தைப் பார்த்து ஐந்து எழுதினார்கள். வீதியில் ஓடிப் பார்க்கிறவனுக்கு மதகு தெரியாது மகன். வாகனம் குலுங்கவில்லை என்பதுதான் தெரியும். ஒருமுறை கொண்டச்சிப் பக்கம் அளக்கப் போயிருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த முஸ்லிம் பெண் ஒருத்தியிடம், வீதி எப்படி என்று கேட்டேன். "ரோட்டு நல்லம் மிஸ். அதில வாறதுக்குத்தான் ஒண்டும் இல்ல. ரெண்டு மணித்தியாலமா இருக்கிறன்" என்றாள். அவளைக் கந்தோர் வாகனத்தில் ஏற்றி ஆசுப்பத்திரியில் விட்டோம். ஆனால் அவள் சொன்னதை எழுத என் தாளில் ஓர் இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் சொன்ன பொய் ஒரு விதம், நான் கேட்காமல் விட்டது இன்னொரு விதம். உன் படிவத்தில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. வீதியால் போகிறவனைக் கேட்பதுபோல, வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறவனையும் கேட்கிறீர்களா என்று பார். மழை நாளில் போய்ப் பார். இரண்டு பக்கமும் இறங்கிப் பார். கீழே இருப்பவன் போட்ட புள்ளியை மேலே இருப்பவன் திருத்தச் சொன்னால், அந்தத் திருத்தத்தை எழுதிவைக்க உங்கள் முறையில் இடம் இருக்கிறதா என்றும் பார். அந்த இடம் இருந்திருந்தாலும் நான் துணிந்திருப்பேனா என்று சத்தியம் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

நீ படம் அனுப்பிய மூன்றாம் நாள் பஸ் ஏறி, மன்னார்ப் பாலம் தாண்டிப் போனேன். திரேசாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வெளியே கச்சான் கடலையைப் பரப்பிக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, கையைத் தட்டிவிட்டு, "வாங்கோ மிஸ்" என்றாள். உள்ளே அவளுடைய தம்பி சக்கர நாற்காலியில் இருந்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பென்சில் இரண்டு, பேனை ஐந்து, குடைமுனை, மணிக்கூடு.

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள். "கோட்டில நீங்க என்னைப் பாக்கேல்ல. அப்பவே விளங்கினது." பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். வழக்குக்கு மூன்று வருடத்துக்குப் பிறகு ஆசுப்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்கு அவள் தெரிவாகியிருக்கிறாள். பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். அதில் குற்றவாளி என்று இருந்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "தம்பியையும் பக்கத்தில வச்சுப் பாத்திருக்கலாம்" என்றாள், ஏதோ அயல் வீட்டுச் செய்தியைச் சொல்வது போல.

நான் மன்னிப்புக் கேட்டேன். "இதை இப்ப ஏன் வந்து சொல்லிறீங்க?" என்று கேட்டாள். என் மகன் இந்த வீதியைத்தான் மதிப்பிடுகிறான், என் தாளை நம்பிப் பெரிய இடத்தில் பேசப் போகிறான் என்றேன். அவள் சொன்னாள்: "அப்ப, அண்டைக்கும் மகனுக்காக. இண்டைக்கும் மகனுக்காகத்தான் வந்திருக்கிறீங்க."

மகன், அவள் சொன்னது சரி. நீ படம் அனுப்பியிராவிட்டால் நான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் அவள் வீட்டை நினைத்தபடி ஒரு நாள்கூட வெளிக்கிடாதவள் நான். தம்பிதான், "மிஸ், தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ" என்றான். திரேசா தேத்தண்ணி போட எழும்பவில்லை. வாசலில் நின்று, "எழுதித் தருவீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். பழைய தீர்ப்பைத் திரும்ப எடுப்பது நிச்சயமில்லை, ஆனால் முயலலாம் என்றார். கோட்டில் பொய்ச் சாட்சி சொன்னதாக நானே எழுதினால் என் மேலேயே வழக்கு வரலாம், பென்ஷனுக்கும் இடைஞ்சல் வரலாம், யோசியுங்கள் என்றார். வீட்டில் மூன்று நாள் யோசித்தேன் என்று சொன்னால் அது மரியாதையாக இருக்கும்; உண்மையில் மூன்று நாளும் பயந்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் சத்தியக்கடதாசியை என் கையாலேயே எழுதிக்கொண்டு போனேன். திரேசாவும் வந்திருந்தாள். சட்டத்தரணி வாசித்துவிட்டு அவளிடமும் கொடுத்தார். அவள் ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். நான் எழுதியிருந்தேன்: "என் கவனக்குறைவால் மதகுகளின் நிலை பிழையாகப் பதியப்பட்டது." அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"கவனக்குறைவில்ல மிஸ்" என்றாள். "தெரிஞ்சுதான் போட்டனீங்க."

சட்டத்தரணி என்னைப் பார்த்தார். அந்தச் சொல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பாதுகாப்பு என்று அவர் முதலே சொல்லியிருந்தார். நான் பேனையை வாங்கி "கவனக்குறைவால்" என்பதை வெட்டி, மேலே "தெரிந்தே" என்று எழுதினேன். வரி இலக்கணப்படி கொஞ்சம் பிசகிப்போனது. திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், விளங்குது" என்றாள் திரேசா. வெட்டிய இடத்திலும் அடியிலும் ஒப்பம் வைத்தேன். அவள் சட்டத்தரணியிடம் போய் வருகிறேன் என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

அதன் பிரதி ஒன்றை இதனோடு வைத்திருக்கிறேன். உன் அறிக்கையில் அந்தத் துண்டு முதலாம் இடத்திலிருந்து இறங்கினால், ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் இதைக் காட்டு. உத்தியோகத்தர் ஒருவர் என்று மட்டும் எழுதாதே. அவர் யார், உனக்கு என்ன முறை என்றும் எழுது.

அம்மா
பேசாலை